இல்லாத நடனத்தைத் தொடங்கி வைத்தவள்

ஹாஸ்லம் கவுண்டி உயர்நிலைப் பள்ளியில் ஆண்டு நடன விருந்து என்று ஒன்று கிடையாது. முப்பத்திரண்டு வருடமாகக் கிடையாது. கிடையாத அந்த விருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு தடவை வரும். முதல் சனிக்கிழமை வெள்ளைப் பிள்ளைகளுக்கு, ஏரிக்கரை கிளப்பில். அடுத்த சனிக்கிழமை கறுப்புப் பிள்ளைகளுக்கு, ரயிலடிப் பக்கத்துப் பழைய வெங்காயக் கிடங்கில். தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பள்ளிக்கூடம் சொல்லும். இரண்டு தேதியையும் காலையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போதே சொல்லும்.

2003இல் கடைசி வகுப்பில் அறுபது பிள்ளைகள். முப்பத்திரண்டு கறுப்பு, இருபத்தெட்டு வெள்ளை. கணக்குப் பாடத்துக்கும் கால்பந்துக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் அறுபதும் ஒன்று. அந்த அறுபதும் ஓட்டுப் போட்டு லட்ரீஸ் மோப்லியை வகுப்புத் தலைவி ஆக்கின. லட்ரீஸ் கறுப்புப் பெண். அவளுடைய அம்மா பெர்லீன் அந்தப் பள்ளிக் கேன்டீனிலேயே பதினாறு வருடமாகச் சமைக்கிறவள். மகளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவாள். தலைவி ஆனதும் மாணவர் கையேடு ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. இவள் திறந்தாள்.

‘விதி 14: ஆண்டு நடன விருந்தை வகுப்புத் தலைவர் முதல் ஆட்டம் ஆடித் தொடங்கி வைக்க வேண்டும்.’

கறுப்பருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என்று இருந்த இரண்டு பள்ளிக்கூடத்தையும் கோர்ட் உத்தரவு போட்டு ஒன்றாக்கிய வருடம் விருந்தை நிறுத்தியிருந்தார்கள். விதியை நிறுத்த மறந்து போனார்கள். கையேட்டைத் தூக்கிக்கொண்டு லட்ரீஸ் முதல்வர் ஹார்லன் டிப்பெட்டின் அறைக்குப் போனாள்.

“சார், நான் எந்த டான்ஸைத் தொடங்கி வைக்கணும்?”

“எந்த டான்ஸ்?”

“அதைத்தான் சார் கேக்குறேன்.”

“நம்ம ஸ்கூல்ல டான்ஸே கிடையாதும்மா.”

“உங்க தலைக்குப் பின்னாடி ஒட்டியிருக்கே சார். ‘ஏரிக்கரையில் ஒரு மாலை, ஏப்ரல் அஞ்சு’ன்னு.”

டிப்பெட் திரும்பிப் பார்க்கவில்லை. அது பல வருடம் பழகிய கழுத்து.

“அது பெத்தவங்க தனியா நடத்துறது. ஸ்கூல் தலையிடாது. டான்ஸே இல்லாத இடத்துல பாகுபாடு எங்கேர்ந்தும்மா வரும்? யோசிச்சுப் பாரு. இந்தக் கவுண்டியிலேயே சுத்தமா பாகுபாடு இல்லாத ஒண்ணு எதுன்னு கேட்டா, நம்ம ஸ்கூல் டான்ஸ்தான்.”

“அப்ப அறுபது பேருக்கும் சேர்த்து நாங்களே ஒண்ணு வெச்சுக்கலாமா சார்?”

“அதெப்படி? ரெண்டு நல்லபடியா நடந்துக்கிட்டிருக்கு. மூணாவது எதுக்கு?”

“ஒண்ணுமே கிடையாதுன்னீங்களே?”

டிப்பெட் கடிகாரத்தைப் பார்த்தார். “உனக்கு அடுத்த பீரியட் என்ன?”

வேதியியல். அங்கே லட்ரீஸின் பக்கத்து மேசைக்காரி ஜோலீன் பெய்ன், வகுப்பின் துணைத் தலைவி, வெள்ளைக்காரப் பெண், சத்தமாகப் பேசுகிறவள். அவளுடைய அம்மா லோரெட்டாதான் ஏரிக்கரை விருந்துக் கமிட்டிக்குத் தலைவி. நடந்ததைக் கேட்ட ஜோலீன் சோதனைக்குழாயைக் கீழே வைத்தாள்.

“ஓட்டுக்கு விட்டுருவோம்டீ. எங்கம்மா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போடுவா. பரவால்ல.”

ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு ஓட்டு எடுத்தார்கள். ஒரே நடனம் வேண்டும் என்று நாற்பத்தொன்பது பேர். வேண்டாம் என்று பதினொன்று. அந்தப் பதினொன்றில் மூன்று கறுப்பு ஓட்டு. “அவங்க பாட்டுக்கு நம்மளால ஆட முடியாது” என்று ஒரு பையன் சீட்டிலேயே காரணமும் எழுதியிருந்தான்.

பெட்டியோடு இரண்டு பெண்களும் கவுண்டிக் கல்வி அதிகாரி டாக்டர் வெண்டல் குரோமரிடம் போனார்கள். காகிதத்தால் ஆன மனிதர் அவர். எழுத்தில் வராதது எதுவும் தன் ஆபீசில் செல்லாது என்பார். எழுத்தில் வந்துவிட்டால் எதுவும் செல்லும். வருடா வருடம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறவரும் அவர்தான்: ‘இப்பள்ளியில் நடன விருந்து எதுவும் இல்லை, ஆகவே அதில் பாகுபாடும் இல்லை.’ அதன் நகல் கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்கியது. லட்ரீஸ் அதையும் வாசித்தாள்.

“சின்னப் பிள்ளைங்க விவகாரத்தை நான் என்னிக்கும் லேசா எடுத்துக்கறதில்ல” என்றார் குரோமர். “கமிட்டி போடறேன்.”

ஒற்றுமை ஆய்வுக் குழு என்று அதற்குப் பெயர். மூன்று வெள்ளைப் பெற்றோர், மூன்று கறுப்புப் பெற்றோர். வெள்ளை உறுப்பினர்களுக்கு நூலகத்தில் நாற்காலி போட்டார்கள். கறுப்பு உறுப்பினர்களுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில். நடுவில் ஒரு ஸ்பீக்கர் போன்.

“ஒரே ரூம்ல உக்காரலாமே சார்?” என்றாள் லட்ரீஸ்.

“கூடாதும்மா. சேர்ந்து உக்காந்தா முகத்துக்காகப் பேசுவாங்க. ஒற்றுமையைப் பத்தி மனசு விட்டுப் பேசணும்னா கொஞ்சம் தள்ளி இருக்கணும்.”

போன் லைன் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை அறுந்தது பற்றி இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. இரண்டு அறையிலும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகக் காபி குடித்து, தனித்தனியாகக் கலைந்தார்கள். ‘குழு ஒருமனதாகக் கலைந்தது’ என்று குறிப்பு எழுதப்பட்டது. அது மட்டும்தான் அன்று ஒருமனதாக நடந்தது.

பிறகு, பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் தாங்குமா என்று பார்க்கத் தீயணைப்பு ஆய்வாளர் வந்தார். கூடைப்பந்து ஆட்டத்துக்கு அந்தக் கூடத்தில் தொள்ளாயிரம் பேர் ஏறுவார்கள். அவர் டேப் பிடித்து அளந்தார், தரையைக் குதிகாலால் தட்டினார், ஒரு மூலையில் முழந்தாளிட்டு மோந்துகூடப் பார்த்தார். நடனத்துக்கு முப்பத்திரண்டு பேர்தான் தாங்கும் என்று எழுதினார்.

“பந்தாட்டத்துக்குத் தொள்ளாயிரம் தாங்குதே சார்?” என்றாள் ஜோலீன்.

“பந்தாட்டத்துல ஜனம் உக்காந்திருக்கும். டான்ஸ்னா கால் தேயும். தரை சூடாகும்.”

“ஆடுற பத்துப் பேர் கால் தேயாதா?”

“அவங்க பயிற்சி எடுத்தவங்க.”

“அதென்ன சார் கணக்கா முப்பத்திரண்டு?”

ஆய்வாளர் நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். “ரெண்டு கும்பல்ல பெருசு எதுவோ அது கொள்ளணும்ல பாப்பா? அப்படித்தான் கேட்டுக்கிட்டாங்க.” சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

மறுநாள் லட்ரீஸை மட்டும் தனியாக வரச் சொன்னார் குரோமர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு மரியாதை வந்ததும் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“நான் நிறம் பாக்கறவன் இல்ல லட்ரீஸ். பாத்ததே இல்ல. உன்னைக்கூட நான் கறுப்புப் பொண்ணாப் பாக்கல. பிரச்சினையாத்தான் பாக்கறேன்.”

“சரி சார்.”

“உங்கம்மா நல்ல சமையல்காரி. அந்த சோளரொட்டிக்காகவே நான் செவ்வாக்கிழமை ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வெச்சுக்கறேன். அவங்க ஒப்பந்தம் மே மாசம் புதுப்பிக்கணும் இல்லையா? வாயால சொன்னா மிரட்டல் மாதிரி இருக்கும். அதனால எழுத்துல கொடுக்கறேன்.”

உறைக்குள் ஒரே பத்தி. ‘மாணவி லட்ரீஸ் மோப்லியின் ஏற்பாட்டில் இவ்வாண்டு நடனம் ஏதேனும் நடைபெற்றதாக அறிக்கை வருமானால், கேன்டீன் பணியாளர் பெர்லீன் மோப்லியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அவ்வாறு அறிக்கை வராவிட்டால் வழக்கம்போல் புதுப்பிக்கப்படும்.’ கீழே முத்திரை, கையெழுத்து, தேதி.

வீட்டில் பெர்லீன் மஞ்சள் துணி ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அடுத்த வாரக் கிடங்கு விருந்துக்கு. உதட்டில் மூன்று குண்டூசி. கடிதத்தை வாங்கி வாசித்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

“பதினாறு வருஷம்டீ” என்றாள். “காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வெச்சு. இந்த ஊர்ல எனக்கு வேற எவன் வேலை தருவான்? வெங்காயம் பொறுக்கப் போகவா இந்த முதுகை வெச்சுக்கிட்டு?”

“விட்டுடறேம்மா.”

“நான் விடச் சொன்னேனா?”

“அப்ப செய்யச் சொல்றியா?”

“அதையும் சொல்லல. எனக்குப் பயமா இருக்கு. பயத்துல எதைச் சொன்னாலும் தப்பாப் போகும். போய்ச் சாப்பிடு.”

லட்ரீஸ் சாப்பிடவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நடனம் நடந்தால் என்று அவர் எழுதவில்லை. நடந்ததாக அறிக்கை வந்தால் என்று எழுதியிருந்தார். அந்த அறிக்கையை எழுத வேண்டியவர் முதல்வர் டிப்பெட். வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜோலீனுக்குப் போன் போட்டாள்.

“கோர்ட் படி இறங்குறப்ப பேர் கூப்பிடுற அட்டை எழுதுறது யாரு?”

“நான்தான். எங்கம்மாவுக்குக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

“உங்கம்மா முன்னாலேயே பாத்து வெச்சுக்குவாங்களா?”

“மைக்ல வாசிக்கறப்பதான் பாப்பா. அதுவும் கண்ணாடி போடமாட்டா, போட்டோவுல நல்லா இருக்காதுன்னு.”

லட்ரீஸ் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“லட்ரீஸ், மஞ்சள் டிரெஸ் தைச்சு முடிஞ்சிடுச்சா?” என்றாள் ஜோலீன்.

விருந்துக்கு முன்னால் கோர்ட் வாசலில் படி இறங்குவது அந்த ஊர் வழக்கம். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி பேண்ட் வாசிக்கும். கோர்ட் கதவு திறக்கும். மைக்கில் பெயர் கூப்பிட ஜோடி ஜோடியாகப் பதினான்கு படி இறங்கி வருவார்கள். ஊரே மடக்கு நாற்காலியோடு வந்து புல்தரையில் உட்காரும். வெள்ளைப் பிள்ளைகள் இறங்கும் சனிக்கிழமை கறுப்புக் குடும்பங்களும் வந்து கை தட்டும், கூடப் படிக்கிறவர்களைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும். பிறகு அவர்கள் ஏரிக்கரைக்குக் கார் ஏற, இவர்கள் நாற்காலியை மடக்கி வீட்டுக்குப் போவார்கள். அடுத்த சனிக்கிழமை இதே கதை மறுபக்கமாக நடக்கும். இவ்வளவு பிரியமாக இருக்கிற ஊரில் பாகுபாடு ஏது என்று கேட்பார்கள். நாற்காலி மடக்கும் சத்தம் மட்டும் காதில் விழாது.

ஏப்ரல் ஐந்து, நாலு மணி. கறுப்புப் பிள்ளைகள் அன்று விழா உடையில் வந்திருந்தார்கள். ஒரு வாரம் முன்னாலேயே எதற்கு என்று கேட்டவர்களிடம், துணி சரியாக இருக்கிறதா பார்க்கிறோம் என்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கோர்ட்டின் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். பின்வாசலில் நுழைய அந்த ஊரில் அவர்களுக்கு என்றைக்கும் தடை இருந்ததில்லை.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற லட்ரீஸுக்கு மஞ்சள் உடை முதுகில் ஒட்டியது. அம்மா வருவாளா என்று தெரியாது. காலையில் உடையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனவள்தான்.

பேண்ட் ஆரம்பித்தது. மைக்கில் லோரெட்டா பெய்ன் தொண்டையைச் செருமினாள். முதல் அட்டையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். வருடம் தவறாமல் வாசித்த குரல், நினைப்புக்கு முன்னால் ஓடிப் பழகிய குரல்.

“வகுப்புத் தலைவி, குமாரி லட்ரீஸ் மோப்லி! துணைத் தலைவி, குமாரி ஜோலீன்...” குரல் அங்கே நின்றது. ஆனால் பெயர் ஏற்கெனவே ஒலிபெருக்கி வழியாக வெங்காய வயல் வரைக்கும் போய்விட்டது.

கதவு திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. கீழே நானூறு முகம். பேண்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்த, மேளம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

“கையை விட்டுடாதே. இந்த ஹீல்ஸோட உருண்டு விழுந்துருவேன்” என்று ஜோலீன் பல்லிடுக்கில் சொன்னாள்.

முதல் படி. இரண்டாம் படி. “என்னடா இது கூத்து!” என்று ஓர் ஆண் குரல் பின்னாலிருந்து வந்தது. யாரோ எழுந்தார்கள். மூன்றாம் படியில் லட்ரீஸ் நின்றுவிட்டாள்.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. தலையில் கேன்டீனில் போடும் முடிவலை, கையில் மடக்கு நாற்காலி. கமிட்டிக்காரர்களுக்கு ரிப்பன் கட்டி ஒதுக்கிய முதல் வரிசையில், ரிப்பனுக்கு உள்ளே, பெர்லீன் நாற்காலியைப் படார் என்று விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். கை தட்டவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். ‘இறங்கு’ என்று தாடையை ஆட்டினாள்.

லட்ரீஸ் இறங்கினாள்.

அவர்களுக்குப் பின்னால் மைக் இல்லாமலே, பெயர் கூப்பிடாமலே அடுத்த ஜோடி வந்தது. அதற்குப் பின் அடுத்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்து. ஓர் அப்பன் ஓடி வந்து மகனின் கையைப் பிடித்து இழுத்தான். கோட்டின் கை மட்டும் கிழிந்து அப்பனிடம் போனது, பையன் போகவில்லை. புல்தரைக்கு வந்தவர்கள் காருக்குப் போகாமல் வட்டமாக நின்றார்கள். பேண்ட் பிள்ளைகள் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தார்கள். லட்ரீஸ் ஜோலீனின் தோளில் கை வைத்து முதல் ஆட்டம் ஆடினாள். ஜோலீன் நாலு தடவை அவள் காலை மிதித்தாள். விதி 14 முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நிறைவேறியது.

குரோமர் முகம் சிவந்து ஓடி வந்தார். பின்னால் டிப்பெட். போலீஸ் டெபுடி கர்ட்டிஸ் நோல்ஸையும் கூட்டி வந்திருந்தார்கள். கர்ட்டிஸ் கறுப்பர், இதே பள்ளியில் படித்தவர், அவசரப்படாத ஆள்.

“இதை நிறுத்து கர்ட்டிஸ்!” என்றார் குரோமர்.

“எதை சார்?”

“கண்ணு தெரியலையா? இதைத்தான்!”

கர்ட்டிஸ் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “கோர்ட் வளாகத்துல அனுமதியில்லாம நடன விருந்து வெச்சா நிறுத்தலாம், சட்டம் இருக்கு. ஸ்கூல் பிள்ளைங்க, ஸ்கூல் பேண்டு. அதனால ஸ்கூல் டான்ஸ்னு புகார் வேணும். நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன். கையெழுத்து போடுங்க.” பேனாவின் மூடியைக் கழற்றினார். “டிப்பெட் சார், அங்க என்ன அது?”

டிப்பெட் வாயைத் திறந்தார். குரோமரைப் பார்த்தார். குரோமருக்கு அப்போதுதான் தன் சுவரில் தொங்கும் கடிதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தில் சிவப்பு இறங்கி, மாவு பூசினாற்போல் ஆனது. ஸ்கூல் டான்ஸ் என்று ஒரு காகிதத்தில் ஏறினால், கோர்ட் அந்தக் காகிதத்தையும் முப்பத்திரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்.

“சொல்லுங்க சார். பேனா காயுது” என்றார் கர்ட்டிஸ்.

வட்டத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. எல்லாரும் அந்த மூன்று பேரைப் பார்த்தார்கள். பெர்லீன் கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

டிப்பெட் திரும்பினார். எதிர்ப்பக்கம், தபால் ஆபீஸ் பக்கம். பழகிய கழுத்து.

“அங்க ஒண்ணும் இல்ல கர்ட்டிஸ்” என்றார்.

கர்ட்டிஸ் அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “‘ஒண்ணும்... இல்ல.’ நேரம் நாலு நாப்பது.” பிறகு நோட்டை மூடிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெர்லீன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒன்றுமில்லாத அது இரண்டு மணி நேரம் நீடித்தது. ஏரிக்கரை கிளப்பில் இருபத்தெட்டு பேருக்குச் சமைத்த பன்றித்தொடைக் கறியை எட்டுப் பிள்ளைகள் சுவரோரமாக நின்று தின்றார்கள்.

திங்கட்கிழமை கேன்டீனில் உருளைக்கிழங்கு மசியலும் குழம்பும். டிப்பெட் தட்டோடு வரிசையில் வந்தார். பெர்லீன் கரண்டியைத் தூக்கினாள், கவிழ்க்கவில்லை.

“சார், சனிக்கிழமை கோர்ட் வாசல்ல ஏதோ டான்ஸாமே?”

வரிசையில் பின்னால் நின்ற லட்ரீஸ் எட்டிப் பார்த்தாள்.

“டான்ஸா?” என்றார் டிப்பெட். “எந்த டான்ஸ், மிஸ் பெர்லீன்?”

“அதை எழுத்துல கொடுத்துருங்க சார். குரோமர் சாருக்கு எழுத்துல வந்தாத்தான் செல்லும்.” ஏப்ரன் பையிலிருந்து மடித்த கடிதத்தையும் பேனாவையும் எடுத்து, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. டிப்பெட் தட்டைக் கீழே வைத்தார். கடிதத்தின் அடியில் எழுதினார்: ‘இவ்வாண்டு நடனம் எதுவும் நடைபெறவில்லை. ஹா. டிப்பெட், முதல்வர்.’ பெர்லீன் ஊதி ஈரம் காயவைத்துப் பையில் போட்டாள். அதன் பிறகுதான் கரண்டியைக் கவிழ்த்தாள். குழம்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது, ஒரு வகுப்பு கீழே படிக்கிற பெண்கள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. கறுப்புப் பெண் கையில் மாணவர் கையேடு இருந்தது.

“சார், அடுத்த வருஷமும் நடக்காதுல்ல? ஏப்ரல் முதல் சனிக்கிழமை, கோர்ட் வாசல்ல, நாலு மணிக்கு?”

டிப்பெட் மசியலைப் பார்த்தார். குழம்பு ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“நடக்காதும்மா” என்றார். “எப்பவும் போல.”

வெள்ளைப் பெண் உள்ளங்கையில் தேதியைக் குறித்துக்கொண்டாள்.